வழிநடை பாத்தியம்

ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி வந்து நின்றது. அதற்கு மேல் ஓர் அங்குலம்கூடப் போகவில்லை.

டிரைவர் ஆரோக்கியராஜ் இறங்கினான். பாதையின் வாயில் நட்டிருந்த மூன்று கருங்கல் தூண்களை ஒரு சுற்று சுற்றி வந்தான். தன் லாரியைப் பார்த்தான். பிறகு இளவரசியைப் பார்த்தான்.

"யக்கா, விழுப்புரத்துலேர்ந்து டீசல் எரிச்சிக்கினு வந்திருக்கேன். என்னைக் கூப்பிட்டது போரு போடவா, வாக்கிங் போவவா?"

"தூணைப் புடுங்கிடலாம்பா. மாமா கிட்ட சொல்லியிருக்கேன்."

"தூணைப் புடுங்கினா மட்டும்? உள்ள பாரு. அஞ்சடி பாதை. ரெண்டு பக்கமும் மரம். என் வண்டி எட்டடி. கொஞ்சம் மெலிஞ்சி வாடின்னு சொல்லட்டுமா அதுகிட்ட?"

இளவரசி சிரிக்கவில்லை. அந்தப் பாதையின் மறுமுனையில் அவளுடைய ஒரு ஏக்கர் இருபது சென்ட் இருந்தது. அதில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை, எழுபத்தைந்து நாள் பயிர். விழுது மண்ணில் இறங்கி, காய் பிடிக்கிற நேரம். மூன்று நாளுக்கு முன்னால் பழைய போர் உள்ளே சரிந்து தூர்ந்துவிட்டது. மோட்டார் நூற்றெண்பது அடியில் மாட்டிக்கொண்டு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. பத்து நாளுக்குள் புதுப் போர் போட்டுத் தண்ணீர் விட்டால் காய். விடாவிட்டால் உள்ளே பருப்பில்லாத பொக்கு. இந்தப் போகம் பொக்கானால் அடுத்த விதைக்கு வழியில்லை. நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அது அவளுக்குத் தெரியும்.

அவளுக்குத் தெரியும் என்பது, அந்தத் தூண்களை நட்ட ஜெகதீசனுக்கும் தெரியும்.

ஆரோக்கியராஜ் அரை மணி நேரம் நின்று பார்த்தான். ஒரு டீ குடித்தான். வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

*

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் முளைத்த குடியிருப்பு அது. பெயர் நடைவனம். நாற்பது வீடு. சிமெண்டைக் குறைத்து, செம்மண்ணை அழுத்திச் செய்த கல்லால் கட்டியவை. ஃபேன் போடாமலே காற்று வருகிற மாதிரி சன்னல்கள். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும். கூரையில் விழுகிற மழை தொட்டிக்குப் போகும். கார்களெல்லாம் வாசலோடு சரி; உள்ளே மனிதர்கள் நடப்பார்கள். பால், மளிகை, மருந்து, படிப்பகம் எல்லாம் ஐந்து நிமிட நடை. சென்னையில் ரிட்டையரானவர்கள் வந்து, மண் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்து, "ஜில்லுனு இருக்கு" என்று சொல்லி அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தார்கள்.

பொய் சொல்லக் கூடாது. நல்ல வீடுகள்தான். நிழலான, நடக்க நடக்க அலுக்காத தெருக்கள்தான்.

அந்த மண்ணில் நாலு ஏக்கரை விற்றவன் தேவநாதன். ஆறு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன இளவரசியின் கணவன் துரைக்கண்ணுவின் அண்ணன். பக்கத்து நிலங்களையும் நடைவனத்தைக் கட்டிய ஜெகதீசன் ஒவ்வொன்றாக வளைத்தான். இப்போது இளவரசியின் கொல்லைக்குப் பின்னால் கைவிட்ட கல்குவாரிப் பள்ளம். இரண்டு பக்கமும் நடைவனத்துச் சுவர். முன்னால் நடைவனத்துப் பாதை. முப்பத்திரண்டு பல்லுக்கு நடுவில் நாக்கு மாதிரி அவள் நிலம் கிடந்தது.

ஜெகதீசன் கோபப்படுகிற ஆளே இல்லை. அதுதான் அவனிடம் பயப்பட வேண்டிய விஷயம். அன்று மத்தியானம் அவள் ஆபீசுக்குள் நுழைந்தபோது எழுந்து நின்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மண் குவளையில் சுக்குக் காபி வரவழைத்தான். பக்கத்தில் தேவநாதன் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க இளவரசிம்மா. நடந்தா வந்தீங்க?"

"வேற எப்படி வர்றது? அதுக்கு மட்டும்தானே வழி வெச்சிருக்கீங்க. போரு வண்டி ஒரு நாள் உள்ள வந்து போவட்டும் சார். ஒரே நாள்."

ஜெகதீசன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு பத்திர நகலை எடுத்தான். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைப் பத்திரம். ஒரு வரியில் மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருந்தது.

"இதுல என்ன எழுதியிருக்குது? மாமூல் வழிநடை பாத்தியம். நானா எழுதினேன்? உங்க ஊட்டுக்காரரு கையெழுத்து கீது, உங்க மாமா கையெழுத்து கீது. வண்டி போவலாம்னு எங்கயாவது இருந்தா காட்டுங்க, நானே தூணைப் புடுங்கறேன். நடக்கறதுக்கு உரிமை. அந்த நடைக்கு ஜில்லாவுலயே இல்லாத பாதை போட்டுக் குடுத்திருக்கேன். உக்கார பெஞ்சுகூட போட்டிருக்கேன்."

அந்த வரி எப்படி வந்தது என்று இளவரசிக்குத் தெரியும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், திண்டிவனத்தில் பத்திரம் எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். "வண்டி, மாடு, டிராக்டர் போவ வரன்னு சேர்த்துடட்டுமா?" துரைக்கண்ணுவின் முகம் சுருங்கிவிட்டது. "எங்க அண்ணனை எதிர்க்க வெச்சிக்கினு அப்படிக் கேக்கறீங்களே. அவரு வண்டி வேற, என் வண்டி வேறயா? அதெல்லாம் எழுதினா அசிங்கம்ங்க." தேவநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பியின் தோளைத் தட்டிக் கொடுத்து, எல்லோருக்கும் பிரியாணி வாங்கிப் போட்டான். மானமுள்ள குடும்பம் கூடப்பிறந்தவன் மேல் சந்தேகத்தைப் பத்திரத்தில் ஏற்றாது. நல்லவர்கள் செய்கிற தப்புக்குத்தான் மருந்து கிடையாது.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க. பத்து நாள்ல பயிரு செத்துடும்."

தேவநாதன் முறுக்குத் தூளை வேட்டியிலிருந்து தட்டிவிட்டான். நடைவனத்து மூலை வீடு ஒன்று அவன் பெயரில் எழுதப்பட்டிருந்தது. "நட இளவரசி. நடக்கறது ஒடம்புக்கு நல்லது. டாக்டருங்களே சொல்றாங்க."

"சரி, உங்க டேங்குலேர்ந்து ஒரு பைப்பு இழுத்துக்கறேன். நாலே நாலு தண்ணி."

"அது குடிதண்ணிம்மா" என்றான் ஜெகதீசன். நிஜமாகவே வருத்தப்படுகிறவன் மாதிரி இருந்தது முகம். "ஒரு சொட்டு வீணாக்கக் கூடாதுங்கறது இங்க கொள்கை. கொள்கையை நானே மீறினா மத்தவங்களுக்கு என்ன பதில் சொல்றது? காபி ஆறிடப் போவுது, குடிங்க."

*

மறுநாள் காலை ஏழு மணிக்கு இளவரசி தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகப் பாதையில் போய்க்கொண்டிருந்தாள். ஊர்க் குழாயிலிருந்து முக்கால் கிலோமீட்டர். ஒரு ஏக்கர் இருபது சென்டுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது யானைக்குச் சோளப்பொரி போடுகிற வேலை என்று அவளுக்குத் தெரியும். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எதிரே கலைப்பிரியா வந்தாள். நடைவனத்தை வரைந்த ஆர்க்கிடெக்ட். பாண்டிச்சேரிப் பெண், முப்பது வயசு, கதர் சட்டை, காலில் செருப்பு கிடையாது. இந்த மண்ணைக் கையில் பிசைந்து பார்த்து, இதுதான் கல்லுக்குச் சரி என்று சொன்னவள் அவள்தான்.

"அக்கா, எதுக்கு இவ்ளோ கஷ்டப்படுறீங்க? மல்லாட்டை ரொம்பத் தண்ணி குடிக்கும். இந்த ஏரியாவுக்கு கேப்பை போடலாமே. மழையிலயே வந்துடும்."

"போடலாம். இப்ப நட்டிருக்கறதை என்ன பண்றது? மன்னிப்பு கேட்டுட்டுப் புடுங்கிடட்டுமா?"

கலைப்பிரியாவுக்கு முகம் சிவந்தது. இளவரசி குடத்தை இறக்கினாள்.

"இந்தப் பாதையை வரைஞ்சது நீதானே? எட்டடி வண்டி போவணும்னு உனக்குத் தோணலையா?"

"வீட்டுக்கும் கடைக்கும் நடுவுல வண்டி வந்துட்டா, பக்கத்து வீட்டுக்காரன் முகமே மறந்துடும்க்கா. குழந்தைங்க தெருவுல விளையாடணும், வயசானவங்க பயப்படாம நடக்கணும். அதுக்காகத்தான் குறுகலா வெச்சேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "ஆனா இந்த இடத்துல நான் குறுகலா வைக்கல."

"என்னது?"

"உங்க நிலம் வரைக்கும் இருபத்திமூணு அடி ரோடு வெச்சிருந்தேன். லே அவுட் அப்ரூவலுக்கு அது வேணும். பின்னாடி இருக்கற நிலத்துக்கு வழி அடைக்கக் கூடாது. ரோட்டை பஞ்சாயத்துக்குத் தானமா எழுதிக் குடுத்தாதான் அப்ரூவலே வரும். மரம் அப்புறம் ஜெகதீசன் சார் வெச்சது. எட்டு மாசம் முன்னாடி. அழகா இருக்கேன்னு நானும் விட்டுட்டேன்."

இளவரசி அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். "அப்ப இது ரோடா?"

"ரோடுதான்க்கா. காகிதத்துல."

"அந்தக் காகிதம் எனக்கு வேணும்."

கலைப்பிரியா சுற்றுமுற்றும் பார்த்தாள். மத்தியானத்துக்குள் நகல் இளவரசியின் கையில் இருந்தது.

*

திங்கட்கிழமை. விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் மனு நாள். இளவரசி முதல் பஸ்ஸில் போய் வரிசையில் நின்றாள். பத்திரத்தை அவள் காட்டவே இல்லை. பிளானை மட்டும் விரித்து, சிவப்பு மையில் குறித்திருந்த இருபத்திமூன்று அடியின் மேல் விரலை வைத்தாள்.

"இது பஞ்சாயத்து ரோடுங்க. தானமா எழுதிக் குடுத்தது. அதுல மரத்தை நட்டு அடைச்சிட்டாங்க. என் பயிரு காயுது."

மனுவை வாங்கிய அதிகாரி பிளானை இரண்டு முறை பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூன்றாம் முறை பார்த்தார். போனை எடுத்தார். பஸ் ஏறித் திரும்பும்போது அவள் மடியில் ஓர் உத்தரவு இருந்தது: வியாழக்கிழமைக்குள் ரோட்டைத் திறந்து விட வேண்டும். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு இளநீர்கூட வாங்கிக் குடித்தாள். பயிருக்கு எண்பது நாள் ஆகப்போகிறது. இலை மத்தியானத்தில் சுருண்டு, சாயங்காலம் விரிகிறது. விரிகிற வரைக்கும் உயிர் இருக்கிறது.

புதன்கிழமை ஆரோக்கியராஜுக்குப் போன் செய்தாள்.

"இந்த வாட்டி நெசமாவே ரோடு கீதா யக்கா?"

"இருபத்திமூணு அடி. உன் வண்டியைக் குறுக்கால போட்டு ஓட்டிக்கினு வா."

*

வியாழக்கிழமை காலை. பஞ்சாயத்து ஆட்கள் இரண்டு பேர், ஒரு ஜே.சி.பி., அதன் பின்னால் போர் வண்டி. மூன்று தூணையும் ஜே.சி.பி. பல் குத்துகிற மாதிரி பிடுங்கிப் போட்டது. இளவரசி வாய்க்குள்ளேயே குலசாமி பெயரைச் சொன்னாள்.

முதல் மரத்தின் பக்கம் திரும்பியபோதுதான் அவர்கள் வந்தார்கள். ஓடவில்லை, கத்தவில்லை. நடந்து வந்தார்கள். முப்பது நாற்பது பேர். டிராக் பேண்ட், வெள்ளைத் தலை, கையில் ஸ்டீல் தண்ணீர் பாட்டில். ஆளுக்கொரு மரமாகப் போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மொத்தம் இருபத்தெட்டு மரம். ஒன்றுகூட மிச்சமில்லை.

நடைவனத்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நெடுஞ்செழியன் முன்னால் வந்தார். சென்னையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். குரல் உயரவே இல்லை.

"இந்தாம்மா, இது என்ன இடம்?"

"ரோடுங்க. பஞ்சாயத்து ரோடு."

"கரெக்ட். பஞ்சாயத்து இடம்னா அரசாங்க இடம். அரசாங்க இடத்துல இருக்கற மரத்தை வெட்ட தனிக் குழு அனுமதி குடுக்கணும். குழு மாசத்துக்கு ஒரு தடவை கூடும். நேத்துதான் கூடி முடிஞ்சுது." ஒரு காகிதத்தைப் பஞ்சாயத்து ஆளிடம் நீட்டினார். "அனுமதி இல்லாம ஒரு கிளை ஒடிஞ்சாலும் உங்க மேலதான் கேஸ்."

பஞ்சாயத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜே.சி.பி. அணைந்தது.

"ஐயா, அடுத்த மாசம் எனக்கு என்னாத்துக்கு? பயிரு இன்னும் அஞ்சு நாள் தாங்காது."

"உனக்கு ஒரு பயிர். இது அடுத்த தலைமுறைக்கு ஆக்சிஜன். சுயநலத்துக்கும் ஒரு அளவு வேணாமா?"

பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் போட்டோ எடுத்தார். இளவரசி ஒவ்வொரு முகமாகத் தேடினாள். நாலாவது மரத்தில் கலைப்பிரியா நின்றாள். மரத்தை அணைத்த கை அணைத்தபடி இருந்தது. முகம் மட்டும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

இளவரசி கிட்டப் போனாள். "நீதானேம்மா காகிதம் குடுத்த?"

"ரோடு உங்க உரிமைதான்க்கா. நான் இல்லைன்னு சொல்லல." கலைப்பிரியா அழுதுகொண்டிருந்தாள். "ஆனா இருபத்தெட்டு உயிர்க்கா. இதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

அங்கே ஒரு ஏக்கர் இருபது சென்டில் எத்தனை உயிர் என்று இளவரசி சொல்லவில்லை. மரத்தைக் கட்டிக்கொள்ளலாம். மல்லாட்டைச் செடியை யார் கட்டிக்கொள்வார்கள், முட்டிக்குக்கூட வராது.

மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. மரங்களை அணைத்த முதியவர்கள். ஓரத்தில், ஜே.சி.பி. பக்கத்தில் வாய் திறந்தபடி இளவரசி. ஊர் டீக்கடையில் தேவநாதன் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினான். "பாத்தியா, பேமஸ் ஆயிட்ட."

ஐந்தாம் நாள் சாயங்காலம் இலைகள் விரியவில்லை. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். காயை அழுத்தினாள். பொசுக்கென்று உள்ளே போயிற்று. இன்னொன்று. அதுவும். வரப்பில் உட்கார்ந்து ஒரு பாத்தி முழுக்கப் பிடுங்கினாள், கடைசிச் செடி வேறு மாதிரி இருக்கும் என்பது போல.

அடுத்த வாரம் திண்டிவனத்தில் கிரயம் முடிந்தது. கட்டைவிரலை மெஷினில் வைக்கும்போது ஜெகதீசன் பக்கத்தில் நின்று, "மெதுவா வைங்கம்மா, ரேகை சரியா விழணும்" என்றான். வெளியே வந்ததும் அவளுக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தான்.

*

இரண்டு நாள் கழித்து தேவநாதன் வீட்டு வாசலில் வந்து நின்றான். "சாரு கூப்பிடுறாரு. எங்க பாயிண்ட் வெச்சா தண்ணி வரும்னு உனக்குத்தான் தெரியுமாம். ஜல்தியா வா."

போகக் கூடாது என்று நினைத்தாள். போனாள்.

பாதையின் வாயில் ஒரு கிரேன் நின்றது. இருபத்தெட்டு மரங்களில் பாதி ஏற்கெனவே லாரியில் ஏறிவிட்டன. அடுத்த மரத்தைக் கிரேன் தூக்கியது. வேரோடு வந்தது, மண்ணோடு வந்தது. வேரையும் மண்ணையும் சுற்றி ஒரு கறுப்புப் பை, நர்சரியில் வாங்கியபோது இருந்த கைப்பிடியோடு அப்படியே இருந்தது.

பையைக் கிழிக்காமலே நட்டிருக்கிறார்கள். எந்த நாளிலும் தூக்கலாம். வெட்டவே வேண்டாம்.

அதைப் பார்த்துக்கொண்டு கலைப்பிரியா நின்றாள். "சார், இது என் டிராயிங்ல இல்ல."

"உன் டிராயிங்ல ரோடு இருந்துச்சே" என்றான் ஜெகதீசன், அதே இதமான குரலில். "அது இருந்ததாலதாம்மா இது. நீ அந்தக்கா கிட்ட காகிதம் குடுப்பேன்னு எனக்கு அப்பவே தெரியும். உனக்கு நல்ல மனசு." மரங்கள் சுவரோரம் போகும் என்றான். இளவரசியின் நிலம் இனிமேல் சமுதாய வயல். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர்கள் நடந்து வந்து கீரை பறிப்பார்கள். கலைப்பிரியா அதற்கும் ஒரு பிளான் போட வேண்டும்.   அவள் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள்.

இருபத்திமூன்று அடியில் போர் வண்டி ஆடி அசைந்து உள்ளே வந்தது. ஆரோக்கியராஜ் இளவரசியைப் பார்த்ததும் ஹாரன் அடிக்க எடுத்த கையை இறக்கிக்கொண்டான்.

"எங்கம்மா வைக்கலாம்?" என்றான் ஜெகதீசன்.

இளவரசி கொல்லையை ஒரு சுற்று பார்த்தாள். குவாரி ஓரத்து மூலைக்கு நடந்து போய்க் கால் பெருவிரலால் ஒரு கோடு கிழித்தாள். "இங்க."

அந்த இடத்தில் துரைக்கண்ணு ஒருமுறை போர் போட்டிருக்கிறான். முந்நூற்றைம்பது அடி. கடைசி அடி வரைக்கும் ஈரமில்லாத வெள்ளைப் பாறை மாவு. அந்த ஒரு காய்ந்த போருக்காக இரண்டு வருஷம் கட்டட வேலைக்குப் பாண்டிச்சேரி பஸ் ஏறினான்.  மண் போட்டு மூடிய பிறகு அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

மெஷின் இறங்கியது. நூறு. இருநூறு. பாறைத்தூள் மேகமாக எழும்பி, வேடிக்கை பார்க்க வந்த ஜனங்களின் மேல் படிந்தது. முந்நூறு. நானூறு. இளவரசி ஜெகதீசனின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் வாழ்க்கையில் வேண்டுமென்றே செய்த ஒரே கெடுதல் அது. அதன் பலனை அந்த முகத்தில் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

"சார், மாவுதான் வருது. ஈரமே இல்ல" என்று கத்தினான் ஆரோக்கியராஜ்.

ஜெகதீசன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தான். போனில் மணி பார்த்தான்.

"சரி விடு. அந்தப் பக்கம் ஒண்ணு போடு. அங்கயும் இல்லன்னா நடுவுல ஒண்ணு போடு."

அவ்வளவுதான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. வண்டி முப்பதடி பின்னால் போய் நின்றது.

இரண்டாவது துளையில் இருநூற்று நாற்பது அடியில் தண்ணீர் அடித்தது. முதலில் சேறு, பிறகு வெளுப்பு, பிறகு ஆளுயரத்துக்குக் கண்ணாடி. நடைவனத்து ஜனங்கள் கைதட்டினார்கள். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நின்றார்கள். தண்ணீர் மேட்டிலிருந்து இறங்கி, எங்கே போவது என்று தெரியாமல் வரப்பில் முட்டிக்கொண்டு நின்றது.

இளவரசியின் கால் தானாகப் போயிற்று. குதிகாலால் மண்ணைத் தள்ளி, ஒரு பக்கம் அடைத்து, ஒரு பக்கம் திறந்து மடை கட்டியது. தண்ணீர் காய்ந்த செடிகளுக்கு நடுவே, பாத்தி பாத்தியாக, வரிசை தப்பாமல் போயிற்று.

"இந்தாம்மா" என்றார் நெடுஞ்செழியன், போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு. "கொஞ்சம் தள்ளி நில்லு. போட்டோல விழுற."

அவள் தள்ளி நின்றாள்.